சிவப்புத் தொட்டியில் ஏறிய அளவு

குச்சியக்காவுக்குப் பயம் பிறவியிலேயே வந்தது. "இவ பொறந்தப்ப அழவே இல்லை. சுத்தி யார் யார் நிக்கிறாங்கன்னு மிரண்டு மிரண்டு பாத்தா" என்று அவளுடைய அம்மா இன்றைக்கும் சொல்வாள். ஏணியில் ஏறப் பயம், லிஃப்டில் நிற்கப் பயம். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்த்த நாட்களுக்குக் கணக்கே கிடையாது. அப்படிப்பட்டவள் போய்ச் சேர்ந்த வேலை எது தெரியுமா? காலுக்கு அடியில் ஆயிரக்கணக்கான லிட்டர் பெட்ரோல் படுத்திருக்கும் ஒரு பங்க்.

பத்தொன்பது வயதில் பில் போட வந்தவள். இப்போது முப்பத்தெட்டு. பூமிக்கடியில் இருக்கும் தொட்டிகளை அளப்பது அவள் பொறுப்பு. மூன்று மீட்டர் நீளமுள்ள அலுமினியக் குச்சி ஒன்று, சென்டிமீட்டர் கோடு போட்டது. அதைத் தொட்டிக்குள் தரை தட்டும்வரை இறக்கி, எடுத்து, ஈரம் எந்தக் கோடு வரைக்கும் ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். குச்சியின் நுனியில் ஒரு பசை தடவுவார்கள். தொட்டிக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பசையின் நிறம் மாறிவிடும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, டேங்கர் லாரி வந்தால் இறக்குவதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மற்றவர்கள் ஒரு தடவை அளக்கும் இடத்தில் இவள் மூன்று தடவை அளப்பாள். குச்சியும் கையுமாகவே திரிந்ததால் குச்சியக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மேனேஜர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அவரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

"குச்சியக்கா, நீ விடுற பெருமூச்சுலயே பாதி பெட்ரோல் ஆவியாப் போயிடுது" என்று கிண்டல் செய்வார். ஆனால் விடுப்பு கேட்டால் மட்டும் முகம் சுருங்கிவிடும். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள்கூட அந்த பங்க்கில் தண்ணீர் கலந்த பெட்ரோல் விற்றதில்லை. அதற்குக் காரணம் அவளுடைய பயம்தான் என்று அவருக்குத் தெரியும்.

அங்கே இரண்டு வகைப் பெட்ரோல். சாதாரணமானது பச்சை. அதன் ஆக்டேன் எண் தொண்ணூற்றொன்று. உயர்ந்தது சிவப்பு, தொண்ணூற்றைந்து. பெட்ரோலின் நிறம் அதுவல்ல, பம்புக்கும் தொட்டி மூடிக்கும் அடித்திருக்கும் பெயின்ட்டின் நிறம். சிவப்பு போட்டால் வண்டி பறக்கும், மைலேஜ் கூடும் என்று ஊரில் பாதிப் பேர் நம்பினார்கள். ஸ்கூட்டரில் வருகிறவர்கள்கூட, "இன்னைக்கு சிவப்பு போடுங்க, வண்டி நல்லா சாப்பிடட்டும்" என்பார்கள்.

குச்சியக்காவும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள், பக்கத்துப் பட்டறைக்காரரிடம் கேட்கிற வரைக்கும். அவருக்கு டாக்டர் என்று பெயர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடி நாடி பார்ப்பார்.

"சிவப்புல சத்து அதிகம்னு யார் சொன்னது? ரெண்டுலயும் சத்து ஏறக்குறைய ஒண்ணுதான். சிவப்புக்குப் பொறுமை அதிகம், அந்த ஆக்டேன் எண்ணு சொல்றது அதைத்தான்" என்றார் டாக்டர்.

"பெட்ரோலுக்கு என்ன பொறுமை?"

"எஞ்சினுக்குள்ள பிஸ்டன் மேல ஏறி, பெட்ரோலையும் காத்தையும் சேத்து நசுக்குது இல்லையா? நசுக்க நசுக்க சூடு ஏறும். பிளக்ல பொறி விழுந்ததும் அங்கேயிருந்து தீ ஒழுங்கா பரவணும். பரவி பிஸ்டனைக் கீழ தள்ளணும். பொறுமை இல்லாத பெட்ரோல் என்ன பண்ணும்? தீ வந்து சேர்றதுக்குள்ள, ஒரு மூலையில தானாவே வெடிச்சிடும். ரெண்டு தீயும் மோதிக்கும். பிஸ்டன் தலையில சுத்தியலால அடிச்ச மாதிரி இருக்கும். டப்பாவுக்குள்ள கல்லைப் போட்டுக் குலுக்கினா வருமே, அந்தச் சத்தம்."

"அய்யய்யோ. அப்போ எல்லாருமே சிவப்பு போடணுமா?"

"உனக்குப் பயப்பட ஒரு சாக்கு கிடைச்சாப் போதும். லேசா நசுக்குற எஞ்சினுக்குப் பச்சையே தாராளம். அதுல சிவப்பு போட்டு மைலேஜைத் தேடுறது, நடந்து போறவன் ஓடுறதுக்கான ஷூ வாங்குற மாதிரி. ரொம்ப நசுக்குற எஞ்சினுக்குத்தான் சிவப்பு வேணும். புது வண்டியில இந்தச் சத்தத்தைக் கேக்குறதுக்குன்னே ஒரு கருவி இருக்கு. சத்தம் வந்தா பொறியைத் தாமதமா விடும். கொஞ்சம் இழுவை குறையும், மைலேஜ் குறையும், எஞ்சின் பிழைச்சுக்கும். பழைய வண்டிக்கு அந்தக் காது கிடையாது. டிரைவர் காதுதான்."

அன்றிலிருந்து யாராவது மைலேஜ் என்று கேட்டால், "உங்க வண்டிப் புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அதைப் போடுங்க" என்று சொல்லிவிடுவாள். வியாபாரத்தைக் கெடுக்கிறாள் என்று மேனேஜர் முணுமுணுப்பார்.

அவளுடைய தம்பி ஒரு பழைய வேன் வைத்திருந்தான். அக்கா, தம்பி, அம்மா மூன்று பேரும் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். மலைமேல் ஒரு பள்ளிக்கூடம் உண்டு. திங்கட்கிழமை காலையில் பதினோரு டீச்சர்களை மேலே கொண்டுபோய் விட்டு, வெள்ளிக்கிழமை கீழே கூட்டிவர வேண்டும். பதினெட்டு வளைவு. வேன் ஏறும்போது கிழவர் மாதிரி மூச்சு வாங்கும். போன வருடம் தம்பி டாக்டரிடம் சொல்லி எஞ்சினின் தலைப்பகுதியைச் சீவி உயரத்தைக் குறைத்தான். உள்ளே இடம் குறைந்ததால் நசுக்குவது கூடியது. பொறி விழும் நேரத்தையும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தார் டாக்டர். அதோடு வேனே வேறு வேனாகிவிட்டது. லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் ஓடியது பத்தரை ஓடியது. மலையில் இரண்டாவது கியரிலேயே ஏறியது.

"ஒரே ஒரு நிபந்தனை. இதுக்கு இனிமே சிவப்பு மட்டும்தான். பச்சை போட்டு மலையேறினா பிஸ்டன்ல ஓட்டை விழும். நடு வளைவுல எஞ்சின் செத்துடும்" என்றார் டாக்டர்.

தம்பி சிரித்தான். "நம்ம அக்கா பங்க்ல இருக்குறப்ப எனக்கு எதுக்கு டாக்டர் பயம்? என் பங்குக்கும் சேத்து அவளே பயந்துடுவா."

அவன் சொன்னதில் தப்பில்லை. எஞ்சின் நின்றால் பிரேக்கும் போய்விடும் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து குச்சியக்காவுக்குத் தூக்கம் கெட்டது. எஞ்சின் இழுக்கும் காற்றின் பலத்தில்தான் அந்த வேனின் பிரேக் வேலை செய்கிறது. எஞ்சின் நின்றபின் இரண்டு மிதிக்குப் பிடிக்கும். மூன்றாவது மிதிக்கு பெடல் கல்லாகிவிடும். இதைக் கேட்டதும் அவள் தம்பியிடம் ஒரு சத்தியம் வாங்கினாள். வண்டி ஓட்டும்போது ஃபோனை முன்பெட்டியில் போட்டு மூடிவிட வேண்டும். யார் கூப்பிட்டாலும் எடுக்கக் கூடாது.

"நீ கூப்பிட்டாலுமா?"

"நான் கூப்பிட்டாலும்தான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பங்க்கில் கூட்டமில்லை. பெட்ரோலை இறக்கும் குழாய்களின் மூடிகளில் பெயின்ட் உரிந்து, எது பச்சை எது சிவப்பு என்றே தெரியாமல் இருந்தது. டேங்கர்காரர்கள் தடுமாறுவார்களே என்று பயந்து, அவளே பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு இரும்பு மூடிகளையும் கழற்றிச் சுவரோரம் சாய்த்து, சுரண்டி, ஒன்றுக்குப் பச்சையும் ஒன்றுக்குச் சிவப்பும் பூசினாள். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை, ஒரே அளவு. குழிக்குள் இருந்த குழாயில் முன்பு தகரத்தில் பெயர் தொங்கியது. அது துருப்பிடித்து விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. புதிதாக மாட்ட வேண்டும் என்று அவள் சொல்லும்போதெல்லாம் மேனேஜர், "பாக்கலாம், பாக்கலாம்" என்பார்.

பெயின்ட் காய்ந்துகொண்டிருந்தபோது மழை வந்தது. சடசடவென்று பெரிய துளிகள். குழி திறந்து கிடக்கிறது, தண்ணீர் இறங்கினால் தொட்டியே பாழ். ஓடிப்போய் மூடிகளைத் தூக்கி வந்து, கையில் முதலில் வந்ததை முதல் குழியிலும் அடுத்ததை அடுத்த குழியிலும் போட்டு அழுத்தினாள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. நனைந்த தலையைத் துவட்டியபோது மனசுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு டேங்கர் வந்தது. பச்சைப் பெட்ரோல் ஐயாயிரம் லிட்டர். அளக்கும் குழாய் வேறு இடத்தில், பம்புக்குப் பின்னால் இருந்தது. அதில் குச்சியை விட்டு அளந்தாள். பச்சைத் தொட்டியில் அறுபத்துநான்கு சென்டிமீட்டர். சிவப்பில் முப்பத்தொன்று. சீல், ரசீது எல்லாவற்றையும் சரிபார்த்தாள். டேங்கர் டிரைவர் பச்சை மூடியைத் தூக்கி, குழாயில் ஹோஸை மாட்டினார்.

"மூடியெல்லாம் பளபளன்னு இருக்கே, யாருக்காவது கல்யாணமா?" என்றார்.

"நீங்க ஒழுங்கா பாத்து ஊத்தணும்னுதான்" என்றாள் அவள்.

இறக்கும்போது அந்தத் தொட்டியின் பம்பை நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. அடியில் கிடக்கும் கசடு கலங்கும் என்பதற்காக. அதனால் பச்சைப் பம்பின் முன்னால் சங்கிலி கட்டினார்கள். சிவப்பு மட்டும் ஓடியது. அவசரக்காரர்கள் சிவப்பையே போட்டுக்கொண்டு போனார்கள்.

ஏழு மணிக்குத் தம்பி வேனோடு வந்தான். டேங்க் கிட்டத்தட்ட காலி.

"ஃபுல் பண்ணுங்கண்ணே" என்று பம்பில் நின்றவரிடம் சொல்லிவிட்டு, டேங்கர் பக்கம் நின்ற அக்காவைப் பார்த்துக் கையாட்டினான்.

"மெதுவா போடா" என்று கத்தினாள்.

"நீ சொல்லலைன்னா இறக்கை கட்டிப் பறந்திருப்பேன்!"

அவன் முன்பெட்டியைத் திறந்து ஃபோனை உள்ளே போட்டு மூடியதை அவள் பார்த்தாள். அவளுக்குக் காட்டுவதற்காகவே அவன் அதைச் செய்தான். டீச்சர்களை ஏற்றிக்கொள்ள வேன் வெளியே திரும்பியது.

ஏழேகாலுக்கு டேங்கர் காலி. பெட்ரோல் அடங்கப் பத்து நிமிடம் காத்திருந்து, பச்சைத் தொட்டியில் குச்சியை இறக்கினாள். அறுபத்துநான்கு.

குச்சியைத் துடைத்துவிட்டு மறுபடி இறக்கினாள். அறுபத்துநான்குதான். ஐயாயிரம் லிட்டர் இறங்கியிருக்கிறது. தொட்டி ஒரு கோடுகூட ஏறவில்லை. ஒருவேளை டேங்கர்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று ஒரு கணம் ஆசைப்பட்டாள். ஆமாம், ஆசைதான் பட்டாள். பிறகு சிவப்புத் தொட்டியின் அளவுக் குழாயைத் திறந்தாள். குச்சியை இறக்கும்போதே கைக்குத் தெரிந்துவிட்டது. எடுத்துப் பார்த்தாள். முப்பத்தொன்று இருந்த இடத்தில் நூற்றுப் பதினெட்டு.

ஓடிப்போய் இரண்டு குழிகளையும் பார்த்தாள். மூடிகள் இடம் மாறியிருந்தன. பச்சை மூடி சிவப்புத் தொட்டியின் மேல். அவள் பூசிய பெயின்ட், அவள் போட்ட மூடி. சிவப்புத் தொட்டியில் இப்போது கிடப்பதில் முக்கால்வாசிக்கு மேல் பச்சை. அதைக் குடித்துவிட்டுத்தான் தம்பியின் வேன் போயிருக்கிறது.

பயம் அவளுக்குத் தினமும் வருவது. இது வேறு. இத்தனை வருடம் அவள் பயந்ததெல்லாம் நடக்காத விஷயங்களுக்கு. இது நடந்துவிட்டது.   அவளை அறியாமலே அவளுடைய கை நீண்டு, சிவப்புப் பம்பின் அவசர நிறுத்தப் பொத்தானை அடித்தது. ஒருவருக்குப் போட்டுக்கொண்டிருந்த பெட்ரோல் பாதியில் நின்றது.

மேனேஜர் வெளியே ஓடிவந்தார். அவள் திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள். அவர் முகம் வெளுத்தாலும் குரலை இறக்கிக்கொண்டார்.

"சரி சரி, கத்தாதே. பெட்ரோலுக்குப் பதில் பெட்ரோல்தானே போயிருக்கு? தண்ணியா போயிருக்கு? எத்தனை வண்டி?"

"பதினாலு."

"எல்லாம் புது வண்டியாத்தான் இருக்கும். கொஞ்சம் இழுக்காது, மைலேஜ் கொஞ்சம் குறையும். அவனவன் டிராஃபிக்னு நினைச்சுக்குவான். வாயை மூடிட்டு இரு. தொட்டியை நாம சரி பண்ணிக்கலாம்."

"தம்பி வேன் பழசுங்க. தலையைச் சீவினது. மலையேறப் போயிருக்கான்."

மேனேஜர் அவளைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தார்.

அவள் தம்பிக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். மூடிய பெட்டிக்குள், பதினோரு டீச்சர்களின் பேச்சுக்கு நடுவில், எஞ்சின் இரைச்சலில், அந்த மணி யாருக்குக் கேட்கும்? நான் கூப்பிட்டாலும் எடுக்காதே என்று சத்தியம் வாங்கியவள் அவள்தானே. ஏழாவது தடவை போட்டபோது மணியே அடிக்கவில்லை. மலையடிவாரத்தைத் தாண்டினால் சிக்னல் கிடையாது.

டாக்டர் பட்டறையைத் திறந்துகொண்டிருந்தார். அவள் வந்து நின்ற கோலத்தைப் பார்த்துச் சிரிக்கப் போனவர், அவள் சொன்னதைக் கேட்டதும் ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டார். பெட்டியிலிருந்து நாலைந்து ஸ்பேனரை அள்ளிப் பையில் போட்டார். பைக்கை உதைத்தார்.

"ஏறு."

பைக்கில் ஏறவே பயப்படுகிறவள் அன்றைக்கு எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. டாக்டரின் சட்டையை இரண்டு கையாலும் கசக்கிப் பிடித்துக்கொண்டாள். காற்றில் கண்ணீர் காதுப் பக்கம் ஓடியது.

"அவனுக்குக் கேக்கும்ல? அந்தக் கல்லு குலுக்குற சத்தம், அவனுக்குக் கேக்கும்ல?"

"சமதளத்துல சத்தமே வராது. ஏறும்போதுதான் வரும். கேட்டா ஆக்சிலேட்டரை விடணும்" என்று காற்றோடு கத்தினார் டாக்டர்.

"விடுவானா?"

கேட்ட அவளுக்கே பதில் தெரியும். டீச்சர்களுக்கு நேரமாகிவிட்டால் தம்பி இன்னும் அழுத்துவானே தவிர விடமாட்டான். 

மலை தொடங்கியது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. ஒவ்வொரு வளைவிலும் அவள் கைப்பிடிச் சுவரைத்தான் பார்த்தாள். எங்கேயாவது உடைந்திருக்கிறதா, புதிதாகக் கல் சரிந்திருக்கிறதா. கீழே பள்ளத்தில் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. நான்காவது வளைவில் சாலையில் எண்ணெய்க் கறை ஒன்றைப் பார்த்து, "நிறுத்துங்க!" என்று அலறினாள். அது பழைய கறை. ஐந்து. ஆறு. எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை. மேலே வழி அடைத்துக் கிடக்கிறதோ என்ற நினைப்பு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஏழாவது வளைவில் பைக் நின்றது. அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"இறங்கு, எல்லாரும் இருக்காங்க" என்றார் டாக்டர்.

வேன் சாலைக்குக் குறுக்கே, பின்பக்கம் மலைச் சுவரில் இடித்து, கோணலாக நின்றது. பின்சக்கரத்துக்குக் கீழே கற்கள். டீச்சர்கள் சுவரோரம் பைகளோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.  தம்பி நின்றுகொண்டிருந்தான். முழுதாக, இரண்டு காலில்.

அவள் கிட்டே போகும் முன்பே அவன் டாக்டரைப் பார்த்துவிட்டான்.

"வாய்யா டாக்டர்! நல்லா சீவினியே தலையை! எஞ்சின் தலையைச் சீவினியா, எங்க எல்லார் தலையையும் சீவப் பாத்தியா? இனிமே உன் பட்டறைப் பக்கம் வந்தா என்னைச் செருப்பால அடி!"

"என்ன ஆச்சு சொல்லு" என்றார் டாக்டர்.

கணக்கு டீச்சர்தான் சொன்னார்.  "அஞ்சாவது வளைவுல கலகலன்னு ஒரு சத்தம். நாங்க ஏதோ டிபன் பாக்ஸ் உருளுதுன்னு நினைச்சோம். இங்க வந்ததும் பொசுக்குன்னு நின்னுடுச்சு. வண்டி பின்னால உருள ஆரம்பிச்சுது. தம்பி பிரேக்கை மிதிச்சார், நின்னுது. மறுபடி உருண்டுது, மிதிச்சார், நின்னுது. மூணாவது தடவை மிதிச்சப்ப காலு இறங்கவே இல்லை, ஹேண்ட்பிரேக்கும் பிடிக்கலை. நான் பக்கத்துல இருந்து பாத்துட்டே இருந்தேன். ஸ்டீயரிங்கை ஒடிச்சு சுவத்துல மோதிட்டார். அந்தப் பக்கம் ஒடிச்சிருந்தா..."  எதிர்ப்பக்கம் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்கூட இல்லை.

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "சரிப்பா, என் தப்பாவே இருக்கட்டும். முதல்ல பிளக்கைக் கழட்டிப் பாப்போம்" என்றார். சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் குச்சியக்காவைப் பார்த்தார். வேண்டுமென்றால் நீ சும்மா இரு என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

சும்மா இருந்திருக்கலாம். மேனேஜரும் வாயை மூடிக்கொள் என்றுதான் சொன்னார். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அக்கா எதற்கு வந்திருக்கிறாள் என்றே அவன் இன்னும் யோசிக்கவில்லை. அக்கா வருவது அவனுக்கு இயல்பு. இந்த முகம் இன்னும் ஒரு நிமிடத்தில் எப்படி மாறும் என்று நினைத்தபோது, பைக்கில் வந்தபோது இருந்ததைவிட அதிகமாகப் பயந்தாள்.

"டாக்டரைத் திட்டாதடா. நான்தான்" என்றாள்.

"நீ என்ன பண்ண?"

"மூடியை மாத்திப் போட்டுட்டேன். சிவப்புத் தொட்டியில பச்சை இறங்கிடுச்சு. உனக்குப் போட்டது பச்சை."

தம்பிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"நீயாக்கா?" என்று மட்டும் கேட்டான்.

டாக்டர் நான்கு பிளக்கையும் கழற்றித் துணியில் வரிசையாக வைத்தார். மூன்றாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில், ஊசி முனையளவு வெள்ளிப் புள்ளிகள் மின்னின.

"இதைப் பாருங்க. இது பிஸ்டனோட அலுமினியம். உருகிப் பறந்து இங்க ஒட்டியிருக்கு. ஓட்டை விழலை. அரிக்க ஆரம்பிச்சிருக்கு. சூட்டுல எஞ்சின் தானா நின்னுது, அது புண்ணியம். இன்னும் ரெண்டு வளைவு இழுத்திருந்தா ஓட்டைதான்" என்றார்.

மேலே போக வழியில்லை. வேனை அங்கேயே விடவும் முடியாது. சாலையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கீழே இறக்கித்தான் ஆக வேண்டும். எஞ்சின் ஓடினால்தான் பிரேக் இருக்கும். டாக்டர், பிளக்குகளுக்குப் பொறி அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, அதை நூலளவு திருப்பி, மறுபடி இறுக்கினார். பொறி இனிமேல் தாமதமாக விழும். இழுவை போய்விடும், அந்தச் சத்தம் வராது. பிளக்குகளை மாட்டினார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு ஓடியது. ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்து நீண்ட நேரம் கேட்டார்.

"முதல் கியர். ஆக்சிலேட்டர்ல காலே வைக்காதே. நான் முன்னால போறேன். காலியாத்தான் இறங்கணும்" என்றார்.

கீழிருந்து ஒரு காலி லாரி வந்தது. கல்லையும் வேனையும் தாண்ட முடியாமல் நின்றது. எல்லாரும் சேர்ந்து வேனைத் தள்ளி நேராக்கினார்கள். டீச்சர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்து லாரியில் ஏறினார்கள். "திங்கக்கிழமை அசெம்பிளிக்கு லாரியில போய் இறங்கப்போற முதல் ஸ்டாஃப் நாமதான்" என்று யாரோ சொன்னார்கள். ஒருவர் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது.

தம்பி டிரைவர் இருக்கையில் ஏறினான். குச்சியக்கா மறுபக்கக் கதவைத் திறந்தாள்.

"இறங்குக்கா. காலியாத்தான் போகணும்னு சொன்னாரு."

"நான் என்ன பெரிய பாரமா?"

"பயந்து சாவ."

"இங்க நின்னாலும் சாவேன். எடு."

வேன் இறங்கியது. எஞ்சின் அவர்களுடைய இருக்கைக்கு அடியில்தான் இருந்தது. அவள் குனிந்து, காதை அந்த இரும்பு மூடிக்கு எவ்வளவு கிட்டே கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கிட்டே கொண்டுபோனாள். கன்னம் சுட்டது. ஒவ்வொரு பல்சக்கரத்தின் சத்தமும் அவளுக்குக் கல்லாகவே கேட்டது. ஒவ்வொரு வளைவிலும் தம்பி பிரேக்கை ஒரு முறை லேசாக மிதித்து, பெடல் இறங்குகிறதா என்று பார்த்தான். இறங்கியது. அடுத்த வளைவு வரை அவர்களுக்கு அந்த ஒரு மிதிதான் உறுதி. ஆறு, ஐந்து, நான்கு. இரண்டாவது வளைவில் எஞ்சின் ஒரு கணம் திணறியது. தம்பியின் கை அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தது. எஞ்சின் மறுபடி சீரானதும் விட்டுவிட்டது. 

சமதளம் வந்ததும் அவன் வேனை ஓரம் கட்டினான். இறங்கிப் பின்பக்கம் போனான். வெகுநேரம் வரவில்லை. அவள் போய்ப் பார்த்தபோது குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். தள்ளிவிடுவானோ என்று நினைத்தாள். தள்ளவில்லை.

"பதினோரு பேரு, அக்கா. பின்னால உருளும்போது கண்ணாடியில பதினோரு பேர் மூஞ்சியும் தெரிஞ்சுது" என்றான்.

அவள் வேனிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து நீட்டினாள். 

அவன் வாயைக் கொப்பளித்துத் துப்பினான். "இதை யார்கிட்டயும் சொல்லிடாதே. வாந்தி எடுத்ததை."

"சொல்லலை."

"உன்னோடதையும் சொல்ல வேணாம். வேலை போயிடும். டாக்டர் சொல்ல மாட்டாரு, டீச்சருங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

"இன்னும் பதிமூணு வண்டி இருக்குடா."

"எல்லாம் புது வண்டியா இருக்கும்."

"மேனேஜரும் அதைத்தான் சொன்னாரு. எனக்குத் தெரியாதே."

பங்க்குக்குத் திரும்பியபோது சிவப்புப் பம்ப் நின்றபடியே இருந்தது. மேனேஜர் தம்பியைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்து நாற்காலியில் சாய்ந்தார். பிறகு குச்சியக்கா பில் கட்டைப் புரட்டத் தொடங்கியதும் எழுந்து வந்தார்.

"என்ன பண்ற நீ? ஊருக்கே தண்டோரா போடப் போறியா? என் பேரு, உன் பேரு, பங்க் பேரு எல்லாம் நாறிடும்."

அவள் புரட்டுவதை நிறுத்தவில்லை. பில்லில் இருந்த வண்டி எண்கள் கண்ணுக்குள் நீந்தின. ஒன்பது பேர் வழக்கமாக வருகிறவர்கள், ஃபோன் எண் இருந்தது. மீதி நான்கு பேரை எப்படியாவது தேட வேண்டும். பதிமூன்றில் ஒன்று பழைய கார் என்று பம்பில் நின்றவர் சொன்னார். வயதான ஒருவர் ஓட்டி வந்தது, பின்சீட்டில் இரண்டு குழந்தைகள். அதுவும் வழக்கமாக வருவதுதான். அவள் அந்த எண்ணிலிருந்தே தொடங்கினாள்.

மணி அடித்தது. நான்கு, ஐந்து, ஆறு. வேண்டுமென்றால் வைத்துவிடலாம் என்று கட்டைவிரல் பொத்தான் மேல் நின்றது. எட்டாவது மணியில் எடுத்தார்கள்.

"யாரு?" என்றது ஒரு பெண் குரல். பின்னால் குழந்தைகள் கத்தும் சத்தம்.

"நான் பெட்ரோல் பங்க்லேர்ந்து பேசுறேங்க. அளவு பாக்குறவ. காலையில உங்க வண்டிக்குப் போட்ட பெட்ரோல்ல ஒரு தப்பு நடந்துடுச்சு. தப்பு பண்ணினது நான்தான். வண்டி இப்ப எங்க இருக்கு, சொல்லுங்க."